சந்துக்குப் பூட்டுப் போடலாமா?

கேள்வி: நானும் என் மனைவியும் பணி ஓய்வுக்குப் பின், எட்டு மாதங்களுக்கு முன்பு கும்பகோணத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டை வாங்கிக் குடிவந்தோம். வீட்டின் கிழக்கே நான்கடி அகலச் சந்து ஒன்று தெருவிலிருந்து கொல்லை வரை போகிறது. கீழண்டை வீட்டார் தங்கள் கொல்லையில் கட்டியிருக்கும் மாட்டை இதன் வழியாகத்தான் ஓட்டிப் போகிறார்கள். அந்த வீட்டுப் பாட்டி தினமும் காலையில் கழுநீர் வாளியோடு இதில்தான் நடக்கிறார். இரண்டு மாதமாக அவருடைய பேரன் மோட்டார் சைக்கிளையும் உள்ளே கொண்டுவந்து நிறுத்துகிறான். எங்கள் கொல்லையில் இருந்த தண்ணீர் மோட்டார் திருடு போனதால் தெருப்பக்கம் இரும்புக் கதவு போட்டுப் பூட்டினோம். மறுநாளே பெரிய சண்டையாகிவிட்டது. காவல் நிலையத்தில் கூப்பிட்டுத் திறந்துவிடச் சொன்னார்கள். எங்கள் கிரயப் பத்திரத்தில் சந்து எங்களுடையது என்றுதான் இருக்கிறது. வழக்குப் போட்டால் ஜெயிப்போமா? கடைசிக் காலம் வரை இங்கேதான் இருக்கப் போகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: உங்கள் கடைசி வரியை வைத்துக்கொண்டுதான் மற்றவற்றுக்குப் பதில் எழுதுகிறேன். இப்போதைக்கு அந்தப் பூட்டைத் திறந்தே வையுங்கள். அல்லது பூட்டிவிட்டு ஒரு சாவியை அந்தப் பாட்டியின் கையிலேயே கொடுத்துவிடுங்கள். இதனால் உங்கள் உரிமை எதுவும் பறிபோகாது. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

சந்து உங்களுடைய சொத்து என்பதும், அதில் அவர்களுக்கு நடக்க உரிமை இருக்கிறது என்பதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. நாம் வழிநடை பாத்தியம் என்று பத்திரங்களில் எழுதுவது, 1882-ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டம் சொல்லும் உரிமை. கோர்ட்டில் ஈஸ்மெண்ட் ஆக்ட் என்போம். அடுத்தவர் நிலத்தில்தான் அப்படி ஒரு பாத்தியம் கேட்க முடியும் என்பதால், அவர்கள் அதைக் கேட்கும்போதே நிலம் உங்களுடையது என்று ஒப்புக்கொண்டவர்கள் ஆகிறார்கள். விட்டுக்கொடுத்தால் நாளை நிலத்தையே எழுதிக்கொள்வார்களோ என்ற பயம் உங்களுக்கு இருப்பது கடிதத்தில் தெரிகிறது. வெறுமனே நடந்து போவதால் யாரும் நிலத்துக்குச் சொந்தக்காரராகிவிட முடியாது.

கேள்வி முழுவதும் ஓரிடத்தில்தான் நிற்கிறது: அவர்கள் உரிமையாக நடக்கிறார்களா, பழைய உரிமையாளர் கொடுத்த அனுமதியில் நடக்கிறார்களா? அந்தச் சட்டத்தின் 15-ஆவது பிரிவின்படி, இருபது ஆண்டுகள் இடைவிடாமல், வெளிப்படையாக, சண்டை சச்சரவின்றி, யாரிடமும் கேட்காமல் தன் உரிமையாகவே நடந்து வந்தவருக்கு அந்தப் பாத்தியம் கிடைக்கிறது. வீடு இடையில் கைமாறியதால் அந்த இருபது ஆண்டுக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்குவதில்லை. மாறாக, உங்களுக்கு விற்றவர் அக்கம்பக்கம் என்ற முறையில் 'போய் வாருங்கள்' என்று அனுமதித்திருந்தால் அது வெறும் உரிமம்தான். 59-ஆவது பிரிவின்படி, சொத்தை வாங்கியவரை அந்த உரிமம் கட்டுப்படுத்தாது. ஆகவே விற்றவரை நேரில் போய்ப் பாருங்கள். அவர் என்ன சொல்கிறார் என்பதைவிட, அவருடைய அப்பா காலத்தில் என்ன நடந்தது என்று விசாரியுங்கள்.

அதற்கும் முன் தாய்ப்பத்திரங்களை, அதாவது உங்களுக்கு முந்தைய உரிமையாளர்களின் பழைய பத்திரங்களை, எடுத்துப் படியுங்கள். உங்கள் கிரயப் பத்திரத்தை மட்டும் பார்த்தால் போதாது. இந்த ஊர்ப் பழைய தெருக்களில் அண்ணன் தம்பி பாகம் பிரித்ததில் ஒரே வீடு இரண்டான கதை நிறைய. அந்தப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் 'மாமூல் வழிநடை பாத்தியம் உள்பட' என்று ஒரு வரி கிடக்கலாம். நான்கு எல்லைகளைச் சொல்லும் சக்குபந்தியில் 'பொதுச் சந்துக்கு மேற்கு' என்றும் இருக்கலாம். அப்படியானால் சந்து உங்களுக்கு மட்டுமே சொந்தமா என்பதே கேள்விக்குரியதாகிவிடும். நகர நில அளவை வரைபடத்தையும் வாங்கி, டேப் பிடித்து அளந்து சரிபாருங்கள். இன்னொன்று: சந்தின் கோடியில், அவர்கள் பக்கத்துச் சுவரில் ஒரு கதவு நிச்சயம் இருக்கும். அதன் நிலை பழைய மரமா, சமீபத்தில் இடித்து வைத்ததா, வாசற்படிக் கல் தேய்ந்திருக்கிறதா என்று நின்று பாருங்கள். நாளை வழக்கு வந்து, கோர்ட் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர் பார்வையிட வந்தால் அவர் அறிக்கையில் முதலில் எழுதப்போவது அதைத்தான். வாய்ச் சாட்சிகள் பத்துப் பேரைவிட ஒரு தேய்ந்த படி அதிகம் பேசும்.

அவர்கள் வீட்டுக்குள்ளேயே வாசலிலிருந்து கொல்லைக்கு வழி இருந்தால், வேறு வழியே இல்லை என்ற அவசியப் பாத்தியத்தை அவர்களால் எளிதில் நிரூபிக்க முடியாது. மாட்டைக் கூடம் வழியாக ஓட்டுவது சிரமம் என்பது சௌகரியக் குறைவு, அவசியம் அல்ல. ஆனால் இருபது ஆண்டு அனுபவம் என்ற வாதம் அவர்களுக்குத் தனியாக நிற்கும்; பாட்டி வாக்குமூலம் கொடுத்தால் அதை உடைப்பது கடினம் என்பது என் கருத்து.

மோட்டார் சைக்கிள் விஷயத்தில் நீங்கள் உறுதியாக இருக்கலாம். ஒரு வகை வழிப் பாத்தியம் இன்னொரு வகையை உள்ளடக்காது என்று 28-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆளும் மாடும் நடந்த வழி, இரண்டு மாதப் பழக்கத்தால் வண்டிப் பாதையாகிவிடாது. வண்டி நிறுத்தும் இடமாக அறவே ஆகாது. அதேபோல் கதவு போட்டதும் தவறல்ல. அவர்கள் போய்வருவதற்குத் தடையில்லாத வரை உங்கள் நிலத்தை நீங்கள் பாதுகாத்துக்கொள்ளலாம். சாவி கொடுக்காமல் பூட்டியதுதான் சிக்கல். அவர்கள் பக்கமும் ஒரு கட்டுப்பாடு உண்டு: பாத்தியம் உள்ளவர்கூட அதற்கான தடையைத் தானே உடைத்து அகற்றக் கூடாது என்கிறது 36-ஆவது பிரிவு. பூட்டை உடைத்தால் அது அவர்கள் தவறு.

காவல் நிலையத்தில் சொன்னதை உங்கள் உரிமை பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; சிவில் உரிமையை முடிவு செய்யும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அடிதடி வரும் நிலை ஏற்பட்டால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கீழ் கோட்டாட்சியர் முன் விஷயம் போகலாம். அதுவும் அமைதி காப்பதற்கான ஏற்பாடுதான்.

வழக்கு என்றால் முன்சீப் கோர்ட்டில் நிரந்தர உறுத்துக் கட்டளை, அதாவது நிரந்தரத் தடை உத்தரவு, கேட்பது. போடலாம். ஆனால் சந்துத் தகராறுகளில் வாதியும் பிரதிவாதியும் காலமாகி, அவர்கள் பிள்ளைகள் வாரிசுகளாக உள்ளே வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஓய்வூதியத்தில் வாழும் இருவருக்கு அந்த வழியை நான் சொல்ல மாட்டேன். வட்ட சட்டப் பணிகள் குழுவில், வழக்குத் தாக்கல் செய்வதற்கு முன்பே, மக்கள் நீதிமன்றத்துக்கு மனுக் கொடுக்கலாம். அங்கே சமரசமாகி எழுதப்படும் தீர்வு கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம். அதன் மீது மேல்முறையீடு இல்லை.

அதில் எழுத வேண்டியவை இவை: சந்தின் சொத்துரிமை உங்களுடையது; ஆளும் மாடும் போய்வரலாம்; வண்டி கூடாது; கதவு இருக்கும், இரண்டு சாவி; சாணியும் தண்ணீரும் தேங்காமல் சுத்தம் செய்வது அவர்கள் பொறுப்பு. மாடு இல்லாமல் போனால் வழி எப்படி என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். பின்னால் சண்டை வருவது அந்த இடத்தில்தான்.

இதற்கிடையில் அவர்களிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தால், உங்களைக் கேளாமல் இடைக்கால உத்தரவு வந்துவிடாதபடி முன்சீப் கோர்ட்டில் கேவியட் மனு போட்டு வையுங்கள். அது தொண்ணூறு நாட்களுக்குச் செல்லும். நோட்டீஸுக்குப் பதில் அனுப்பும்போது, 'எங்கள் அனுமதியின் பேரில்தான் நடக்கிறீர்கள்' என்பதை விட்டுவிடாமல் குறிப்பிடுங்கள். சாவி கொடுக்கும்போதும் அதே வரியை ஒரு தாளில் எழுதி, இரு வீட்டாரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கையெழுத்துப் போட மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். சாவியை மட்டும் கொடுத்துவிட்டு, கொடுத்த விவரத்தைத் தேதியோடு பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரங்களோடு சேர்த்து வையுங்கள்.