இ.சி.ஜி. நார்மல் என்றால் போதுமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 46. மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்றுவிடுகிறார். நெஞ்சை யாரோ அழுத்துவது போல இருக்கிறதாம். சற்று நின்றால் சரியாகிவிடுகிறது. கேட்டால் "வெறும் கேஸ்" என்கிறார். இவருடைய அண்ணன் 49 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். மூன்று மாதத்துக்கு முன் எடுத்த இ.சி.ஜி. நார்மல் என்று வந்தது. அந்தத் தாளைக் காட்டியே என் வாயை அடைக்கிறார். சிகரெட்டும் நாளைக்கு இரண்டுதானாம். நான்தான் வீணாகப் பயப்படுகிறேனா?

பதில்: இல்லை அம்மா. ஒன்றிரண்டு நாளுக்குள் அவரை இதய மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். படியேறினால் வருகிறது, நின்றால் போகிறது என்று சொன்னாலே போதும், மருத்துவர் மற்றதை விட்டுவிட்டு இதைத்தான் துருவுவார். கேஸுக்கு மாடிப்படி எது, நாற்காலி எது என்று தெரியாது. இதயத்துக்குத் தெரியும். படியேறும்போது இதயத் தசைக்குக் கூடுதல் ரத்தம் வேண்டும்; ரத்தக் குழாய் குறுகியிருந்தால் அது போய்ச் சேராது, அழுத்தம் வரும். நின்றதும் தேவை குறைகிறது, அழுத்தமும் அடங்குகிறது.

அந்த இ.சி.ஜி. தாள், அவர் அசையாமல் படுத்திருந்த சில விநாடிகளில் இதயத்தின் மின்துடிப்பு எப்படி இருந்தது என்பதை மட்டும் சொல்கிறது. ரத்தக் குழாய்க்குள் அது எட்டிப் பார்ப்பதில்லை. பெரிய அடைப்பு இருப்பவருக்கும் ஓய்வில் எடுத்தால் நார்மல் என்று வரலாம். எக்கோவா (இதய ஸ்கேன்), டிரெட்மில்லா (நடக்க வைத்து எடுக்கும் இ.சி.ஜி.), ஆஞ்சியோகிராமா (இதய ரத்தக் குழாய்களைப் படம் எடுப்பது) என்பதை மருத்துவர் சொல்லட்டும். "எதற்கும் பார்த்துவிடுவோம்" என்று நீங்களாகவே போய் அவரை டிரெட்மில்லில் ஏற்றிவிடாதீர்கள். அதுவரை வேக நடை, ஜிம் எதுவும் வேண்டாம்.

இதற்கிடையே, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்தாலோ, சில நிமிடங்களில் அடங்காவிட்டாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, தாடைக்கோ கைக்கோ பரவினாலோ, ஜெலூசில் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். உடனே ஆம்புலன்ஸ். அவர் வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது.

இரண்டு சிகரெட் கணக்கை நிறையப் பேர் சொல்கிறார்கள். நாளைக்கு 20 பிடிப்பவருக்கு இதய நோய் ஆபத்து எவ்வளவு கூடுகிறதோ, அதில் ஏறக்குறைய பாதி, தினம் ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் கூடுகிறது. குறைத்தது நல்லதுதான், ஆனால் இதயத்துக்கு அது போதாது. அடியோடு விட்டால் ஓராண்டில் அந்தக் கூடுதல் ஆபத்து பாதியாக இறங்கும். அண்ணனுக்கு 55 வயதுக்கு முன்பே மாரடைப்பு வந்ததையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பிரஷர், சுகர், எல்.டி.எல். என்கிற கெட்ட கொழுப்பு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இவை ஏறிக்கொண்டே போனாலும் உடம்பு பெரும்பாலும் காட்டிக்கொடுக்காது.

வீட்டில் பிரஷர் பார்ப்பதாக இருந்தால், ஓடிவந்த களைப்போடு பார்த்துவிட்டுப் பதற வேண்டாம். காப்பி, சிகரெட் முடிந்து அரை மணி நேரமாவது ஆகட்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பதிய, கையை மேஜை மேல் நெஞ்சு மட்டத்தில் வைத்து, பேசாமல் பார்க்கணும். பல நாள் பார்த்தும் 135/85-க்கு மேலேயே நின்றால், அந்தக் குறிப்பை மருத்துவரிடம் காட்டுங்கள்.

எப்படிச் சம்மதிக்க வைப்பது? "அண்ணன் மாதிரி ஆகிடும்" என்று பயமுறுத்தினால் இன்னும் முறுக்கிக்கொள்வார். "எனக்காக ஒரு தடவை வாங்க" என்று கேளுங்கள். கூடவே உள்ளே போங்கள். உள்ளே போனதும் பல ஆண்கள் "ஒண்ணுமில்ல டாக்டர், சும்மா செக்கப்" என்று ஆரம்பிப்பார்கள். படிக்கட்டு விஷயத்தை நீங்கள் சொல்லுங்கள்.

இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், உங்கள் பிரஷர் எவ்வளவு என்று ஒரு வரி இல்லை. பெண்களுக்கு மாரடைப்பு சில நேரம் மூச்சுத் திணறல், குமட்டல், காரணமில்லாத களைப்பு என்று வேறு முகத்தோடு வரும். வேலை அலுப்பு என்று தள்ளிவிடுவார்கள். அவருக்கு டோக்கன் போடும்போது உங்கள் பெயருக்கும் ஒன்று போட்டுவிடுங்கள்.