மார்கழிக் குளிர் போதுமா?

கேள்வி: என் லெப்பர்ட் கெக்கோ ஜோடியை இணை சேர்க்கும் முன் குளிரில் வைக்க வேண்டுமாமே? ஏசி அறையில் விடலாமா? (பெரம்பூர் வாசகர்)

பதில்: ஏசி வேண்டாம் தம்பி. இவை ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்து வறண்ட மலைப்பகுதிகளில் வாழும் பல்லிகள், குளிர்காலம் பழக்கம்தான். ஆனால் நம் ஊரில் ஜனவரி இரவு 20, 21 டிகிரிக்கு இறங்குமே, அதுவே தாராளம். ஹீட் மேட்டை (கூண்டுக்குச் சூடு தரும் மின் விரிப்பு) இரவில் மட்டும் அணையுங்கள். அதையும் படிப்படியாகச் செய்யுங்கள், ஒரே நாளில் வேண்டாம். பகலில் ஒரு மூலை 30 டிகிரிக்கு மேல் இருக்கட்டும். ஆறேழு வாரம் போதும்.

இரையைக் குறையுங்கள். ஒரு வருடம் நான் இரவில் வெட்டுக்கிளி கொடுத்துவிட்டு மேட்டை அணைத்துவிட்டேன். காலையில் பார்த்தால் காலும் இறக்கையும் அப்படியே முழுசாக, பல்லி செரிக்காமல் கக்கியிருந்தது. பாவம், வாயோரம் ஈரமாகவே படுத்திருந்தது. கடைசி இரைக்குப் பிறகு சில நாளாவது முழுச்சூடு கொடுத்துவிட்டுத்தான் குளிருக்கு மாற்ற வேண்டும். தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்கட்டும்.

அப்புறம், சமையலறைத் தராசில் பெண் பல்லியை நிறுத்துப் பாருங்கள். 45 கிராமுக்குக் குறைவா, வால் மெலிந்திருக்கிறதா, ஒரு வயது ஆகவில்லையா? இந்த வருடம் விட்டுவிடுங்கள்.