மாவின் வேலையை யாரிடம் ஒப்படைப்பது?

சென்ற இதழில் மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) குறைந்த, புரதம் மிகுந்த பேன்கேக் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த முறை பக்கத்தை நிரப்பிவிட்டன. எனக்கும் இது நெருக்கமான விஷயம். மூன்று வருடத்துக்கு முன் என் இரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று மருத்துவர் சொன்னார். ஞாயிறு காலைப் பேன்கேக்கை விட எனக்கு மனமில்லை. மைதாவை மட்டும் விட்டேன். அன்றிலிருந்து செய்து பார்த்த அளவுகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டுதான் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, மைதாவுக்குப் பதில் அதே அளவு பாதாம் மாவு போட்டுச் செய்தேன். மணம் நன்றாக இருந்தது. ஆனால் திருப்பப் போனால் தூள் தூளாக உடைந்துவிட்டது. மூன்று முறை முயன்றும் அப்படியேதான். எங்கே தவறு?

பதில்: உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை, தங்கச்சி. "அதே அளவு" என்றீர்களே, சிக்கல் அங்கேதான். மைதாவில் தண்ணீர் பட்டதும் அதிலிருக்கும் குளூட்டன் என்ற புரதம் வலை மாதிரிப் பின்னிக்கொள்கிறது. சூடேறும்போது அதன் ஸ்டார்ச் நீரைக் குடித்து வீங்கி இறுகுகிறது. பேன்கேக் உடையாமல் நிற்பது இந்த இரண்டாலும்தான். பாதாம் மாவில் குளூட்டன் அறவே இல்லை, ஸ்டார்ச்சும் சொற்பம். எடையில் பாதி கொழுப்பு. மாவை எடுத்துவிட்டால் அது பார்த்துக்கொண்டிருந்த வேலையை யாரிடமாவது ஒப்படைத்தாக வேண்டும். நான் அதை முட்டையிடமும் காட்டேஜ் சீஸ் என்ற மணிமணியான மென் பாலாடைக்கட்டியிடமும் ஒப்படைக்கிறேன். முட்டையின் புரதம் சூட்டில் இறுகும்போது மற்றதையெல்லாம் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஒருவருக்கு என் அளவு இது: முட்டை இரண்டு, காட்டேஜ் சீஸ் 100 கிராம், பாதாம் மாவு 30 கிராம், இசப்கோல் உமி ஒரு தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. வாசனைக்குக் கொஞ்சம் வனிலாவோ பட்டைத்தூளோ. முதலில் முட்டையையும் சீஸையும் மட்டும் மிக்ஸியில் போட்டு, சீஸின் மணிகள் கரைந்து பால் மாதிரி வழவழப்பாகும் வரை அடியுங்கள். அப்புறம் மற்றதைச் சேர்த்து ஒரே சுற்று. பத்து நிமிடம் அப்படியே வைத்துவிடுங்கள், இதை மட்டும் தவிர்க்காதீர்கள். அந்த நேரத்தில்தான் இசப்கோல் நீரைக் குடித்து உப்பும். அடித்ததும் நீர்க்க இருந்த கலவை, பத்து நிமிடத்தில் கரண்டியிலிருந்து பட்டையாக மடிந்து விழும் பதத்துக்கு வந்திருக்கும். வராவிட்டால் இன்னும் ஐந்து நிமிடம் பொறுங்கள். அவசரப்பட்டு மாவைக் கூட்டாதீர்கள்.

அடுத்தது தீ. பாதாம் மாவு மைதாவைவிட வேகமாகச் சிவந்துவிடும். மிதமான தீ வைத்தால் அடி கருகும், நடு பச்சையாக நிற்கும். அதைத் திருப்பினால் உடையாமல் என்ன செய்யும்? சிறு தீ வைத்து, உள்ளங்கையைவிடச் சின்ன வட்டமாக ஊற்றி, மூடி போட்டு வேகவிடுங்கள். மைதா பேன்கேக்கில் குமிழிகள் வெடித்துத் துளை விழுந்ததும் திருப்பச் சொல்வார்கள். இதில் குமிழி அவ்வளவாக வராது, அதற்காகக் காத்திருந்தால் கருக விட்டுவிடுவீர்கள். நான் பார்ப்பது ஓரத்தை. ஈரப் பளபளப்பு போய், சுற்றிலும் ஒரு விரல் அகலத்துக்கு மங்கலாகிவிட்டதா? தட்டைக் கரண்டியை அடியில் செலுத்தி லேசாக அசைத்துப் பாருங்கள். வட்டம் முழுவதும் ஒன்றாக நகர்ந்தால் திருப்பலாம். ஓரம் மட்டும் தூக்கிக்கொண்டு வந்தால் இன்னும் ஒரு நிமிடம்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். இந்த அளவில் புரதம் ஏறக்குறைய 30 கிராம் கிடைக்கும். நார்ச்சத்தைக் கழித்தால் மாவுச்சத்து 10 கிராமுக்குள் அடங்கிவிடும். 100 கிராம் மைதாவில் மாவுச்சத்து மட்டும் 76 கிராம், புரதம் 10 கிராம்தான். தேங்காய் மாவு வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அது ஈரத்தை அப்படி உறிஞ்சும். பாதாம் மாவின் அளவில் கால் பங்கு போட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: ஜிம்முக்குப் போகும் என் மகனுக்காக வே புரதப் பொடியில் பேன்கேக் செய்கிறேன். ரப்பர் மாதிரி இழுக்கிறது, தொண்டையில் இறங்கவில்லை என்கிறான். பொடியை மாற்றலாமா?

பதில்: பொடியை மாற்ற வேண்டாம், அளவைக் குறையுங்கள். வே என்பது பாலிலிருந்து எடுக்கும் புரதம். நீரில் சுலபமாகக் கரையும், ஆனால் சூடு அதிகமானால் சுருங்கி, தன்னிடமுள்ள ஈரத்தை வெளியே தள்ளிவிடும். நீங்கள் சொல்லும் ரப்பர் பதம் அதனால் வருவது. என் நோட்டில் "இரண்டு ஸ்கூப், ஒரு முட்டை" என்று எழுதி அடித்துவிட்ட பக்கம் ஒன்று இருக்கிறது. அன்று என் மகள் ஒரு வாயோடு தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். இப்போதெல்லாம் கலவையின் உலர் பொருளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பொடியைச் சேர்ப்பதே இல்லை. கூடவே ஈரத்தைப் பிடித்து வைக்கும் பொருள் ஒன்று வேண்டும். காட்டேஜ் சீஸ் அதைச் செய்யும், நீர் வடித்த கெட்டித் தயிரும் செய்யும். தயிர் சேர்த்தால் பேக்கிங் பவுடரோடு ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் போடலாம், புளிப்போடு சேர்ந்து நன்றாக உப்பி வரும். பாலின் இன்னொரு புரதமான கேசின் பொடி கிடைத்தால் அது இன்னும் மெத்தென்று வரும், ஆனால் நீர் அதிகம் கேட்கும். எந்தப் பொடியானாலும் நடுவில் ஈரம் வற்றும் முன் இறக்கிவிடுங்கள். தட்டில் இருக்கும் சூட்டிலேயே மீதி வெந்துவிடும் அளவுக்கு வந்தால் போதும், ஆனால் பச்சை முட்டை வழியக் கூடாது.

கேள்வி: வாழைப்பழம் ஒன்று, முட்டை இரண்டு. மாவே இல்லாத இந்தப் பேன்கேக் மாவுச்சத்து குறைந்ததுதானே?

பதில்: மாவு இல்லை, சரி. மாவுச்சத்து இருக்கிறது. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 27 கிராம், அதில் பாதிக்கு மேல் சர்க்கரையாகவே. முட்டையின் புரதத்தோடு சேர்த்து 14 கிராம் புரதம் வரும். குழந்தைக்கு நல்ல காலை உணவு. உங்கள் கணக்குக்கு ஒத்துவராது. ஓட்ஸும் அப்படித்தான், 40 கிராம் ஓட்ஸில் மாவுச்சத்து 27 கிராம் இருக்கிறது. கடலை மாவைப் பற்றியும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அதில் 100 கிராமுக்கு 22 கிராம் புரதம் உண்டு, மகிழ்ச்சிதான். ஆனால் மாவுச்சத்தும் 58 கிராம். "புரதம் அதிகம்" என்பதும் "மாவுச்சத்து குறைவு" என்பதும் வேறு வேறு. பாக்கெட்டில் முதலாவதைப் பெரிதாகப் போட்டிருந்தால், பின்பக்கம் திருப்பி இரண்டாவதைத் தேடிப் படியுங்கள். எத்தனை கிராமுக்கு அந்தக் கணக்கு என்றும் பாருங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் முட்டை கிடையாது. வழி உண்டா?

பதில்: உண்டு, ஆனால் உப்பி எழும் பேன்கேக்கை எதிர்பார்க்காதீர்கள். ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி நீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் கொழகொழவென்று வரும். அது ஒட்டவைக்கும், முட்டை மாதிரி இறுகாது. அதனால் இசப்கோலை இரண்டு தேக்கரண்டியாக்கி, கலவையைக் கெட்டியாகவே வைத்து, கையில் நீர் தொட்டுக்கொண்டு சிறு வட்டங்களாகத் தட்டிப் போடுங்கள். முட்டையில் விட்ட புரதத்தைக் காட்டேஜ் சீஸையும் ஒரு ஸ்பூன் புரதப் பொடியையும் கூட்டி ஈடுகட்டலாம். மூடி போட்டு, பொறுமையாக, ஒரே ஒரு தடவை திருப்புங்கள்.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறார். தினமும் காலையில் இதையே கொடுக்கலாமா?

பதில்: கொடுப்பதற்கு முன் அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை. வழக்கமான காலை உணவின் மாவுச்சத்துக்கு ஏற்றபடிதான் அவருடைய இன்சுலின் அளவு வைக்கப்பட்டிருக்கும். அளவை மாற்றாமல் மாவுச்சத்தை மட்டும் சட்டென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். சில சர்க்கரை மாத்திரைகளுக்கும் இது பொருந்தும். சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் எவ்வளவு புரதம் தாங்கும் என்பதையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அனுமதி கிடைத்துவிட்டால், பேன்கேக் மேல் என்ன ஊற்றுகிறீர்கள் என்று கவனியுங்கள். ஒரு மேசைக்கரண்டி தேனில் மாவுச்சத்து 17 கிராம், மேப்பிள் சிரப்பில் 13 கிராம். பேன்கேக்கில் பாடுபட்டுக் குறைத்ததை ஒரு கரண்டி திருப்பிக் கொடுத்துவிடும். கெட்டித் தயிரும் நறுக்கிய ஸ்ட்ராபெரியும் வைத்துக் கொடுங்கள். "சர்க்கரை இல்லாதது" என்ற சிரப்பாக இருந்தால் மால்டிட்டால் என்ற மாற்று இனிப்பு சேர்த்திருக்கிறதா பாருங்கள், அதுவும் ஓரளவு சர்க்கரையை ஏற்றும்.

கேள்வி: வேலைக்குப் போகும் நாட்களில் காலையில் நேரமில்லை. முன்கூட்டியே செய்து வைக்கலாமா?

பதில்: தாராளமாக. நன்றாக ஆறவிட்டு, ஒன்றோடொன்று ஒட்டாதபடி இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து அடுக்குங்கள். ஃபிரிட்ஜில் மூன்று நாள், ஃப்ரீசரில் ஒரு மாதம் இருக்கும். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் நீர் கோத்து நொசநொசத்துவிடும். மைக்ரோவேவில் வைத்தால் வே பொடி சேர்த்தது மறுபடி ரப்பராகும். காய்ந்த வாணலியில் சிறு தீயில் பக்கத்துக்கு ஒரு நிமிடம் போட்டெடுங்கள், ஓரம் திரும்ப மொறுமொறுவென்று வரும்.