கூட்டக் குறிப்பு எழுதினவரைக் கேளுங்க

(நகராட்சி ஒண்ணுல முப்பது வருஷம் மன்றக் கூட்டக் குறிப்பு எழுதி ஓய்வு பெற்ற அண்ணாச்சியின் பதில்கள்.)

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் இப்போ விட்டுக்கொடுத்துப் பேசுறதே இல்லையே, ஏன்?

ஆசைப்பட்டாலும் வழியில்லை தம்பி. 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கட்சிக் கொறடா சொல்லை மீறி ஓட்டுப் போட்டா பதவி போயிரும். பெறகு எதிர்க்கட்சிக்காரன் சொல்றது நியாயம்னு எவன் தலையாட்டுவான்? அடுத்தது நாடாளுமன்றக் குழு. அங்கே கேமரா கிடையாது; எல்லாக் கட்சியும் உக்காந்து மசோதாவை வரி வரியாத் திருத்தும். 2009–14 மக்களவையில் நூத்துக்கு 71 மசோதா குழுவுக்குப் போச்சு. 2019–24-ல் 16தான்.

மேலப்பாளையம்: இதுக்கு எந்தக் கட்சி காரணம்?

அடுத்த கேள்வி.

பேட்டை: நெல்லை மாநகராட்சியில் ஒரே கட்சிக்குள்ளயே அடிச்சுக்கிட்டாங்களே?

சரியான இடத்துல பிடிச்சீரு வே. சொந்தக் கட்சி கவுன்சிலர்களே மேயர் மேல நம்பிக்கையில்லாத் தீர்மானம் கேட்டாங்க. 2024 ஜனவரியில் கூட்டம் போட்டா ஒருத்தரும் வரலை. ஜூலையில் மேயர் ராஜினாமா; ஆகஸ்டு மேயர் தேர்தல்ல கட்சி நிறுத்தினவருக்கு 30 ஓட்டு, எதிர்த்து நின்ன அதே கட்சிக்காரருக்கு 23. கவுன்சிலருக்கு அந்தத் தாவல் சட்டமே கிடையாது, பாத்துக்கிடுங்க. சட்டத்தை மட்டும் குத்தம் சொல்லித் தப்பிக்க முடியாதுன்னு எனக்கே உறைச்ச இடம் இது.

வள்ளியூர்: சமரசம்னா விலை போறதுதானே?

இதோட நாலு பேர் கேட்டாச்சு. நான் பாத்ததைச் சொல்றேன். ஒரு கவுன்சிலர் மன்றப் பொருள் தாளைக் கிழிச்சு வீசிட்டு வெளிநடப்பு செஞ்சாரு. அரை மணி நேரத்துல, பின்வாசல் டீக்கடை பெஞ்சுல அவரும் சேர்மனும். கிழிஞ்ச தாளோட பின்பக்கம் பென்சில்ல ரெண்டே வரி: இந்த வருஷம் உம்ம தெருவுக்குச் சாக்கடை வாறுகால், அடுத்த வருஷம் எங்க தெருவுக்குக் குழாய். அடுத்த கூட்டத்துல ஏகமனதா நிறைவேறிச்சு. டீக்காசு தவிர எதுவும் கைமாறலை. இன்னைக்கு அப்படி உக்காந்தா, எவனாவது போன்ல பிடிச்சு ராத்திரிக்குள்ள 'துரோகி'ன்னு சுத்த விட்டிருவான்.

வள்ளியூர் (மறுபடியும்): அப்போ ரகசியமாப் பேசுறது ஜனநாயகமா?

பேச்சுதான் டீக்கடையில. ஓட்டு மன்றத்துல, எல்லார் முன்னாலயும். தகவல் உரிமைச் சட்டத்துல மனுப் போட்டு மினிட்ஸ் நகலை வாங்கிப் படிச்சுட்டு வந்து சண்டை போடும்.

களக்காடு: எங்க ஊராட்சித் தலைவர் எல்லாக் கட்சிக்காரரையும் கூட்டிக்கிட்டுத்தான் குளத்து மடைக்குப் போறாரு!

கிராம ஊராட்சித் தேர்தல்ல கட்சிச் சின்னம் கிடையாதுல்லா. பிசான நெல்லுக்குத் தண்ணி வேணும்னா எல்லாரும் போய்த்தான் ஆகணும்.

தச்சநல்லூர்: சொத்து வரியில் பெயர் மாத்தணும்...

மண்டல அலுவலகம்.

கல்லிடைக்குறிச்சி: உள்ளதைச் சொல்லுங்க அண்ணாச்சி, எந்தக் கட்சி மேல தப்பு?

வெயில் நல்லா அடிக்கி. போய் உங்க ஊரு பேர்போன அப்பளத்தைத் திருப்பிப் போடுங்க.