கப்பல் விபத்தில் இறந்த மூதாதையரையும் அவருடன் வேலை செய்தவர்களையும் பற்றி எப்படித் தெரிந்துகொள்வது?

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 20ஆம் நூற்றாண்டு வரையிலான பிரிட்டிஷ் வணிகக் கப்பல் என்றால், தேட வேண்டியது மாலுமி ஒப்பந்தத்தை. வேலைக்குச் சேரும்போது கேப்டனும் மாலுமிகளும் கையெழுத்திடும் தாள் அது.

கப்பலே மூழ்கிய பிறகு தாள் எப்படித் தப்பும்? வெளிநாடு செல்லும் கப்பலுக்கு ஒப்பந்தத்தை இரண்டு படிகளாக எழுதி, ஒன்றைக் கரையில் அதிகாரியிடம் வைக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம்.

முதலில் கப்பலின் பதிவு எண்ணைக் கண்டுபிடியுங்கள். ஒரே பெயரில் பல கப்பல்கள் ஓடின; விற்றதும் பெயர் மாற்றுவார்கள். வண்டியின் சேஸிஸ் எண் போல, பதிவு எண் மட்டும் மாறாது. கப்பல்களின் விவரங்களைப் பட்டியலிடும் லாயிட்ஸ் பதிவேட்டில் கிடைக்கும்.

1863 முதல் 1938 வரையான ஒப்பந்தங்களில் சுமார் 70 சதவீதம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில், மெமோரியல் பல்கலைக்கழகத்தின் கடல்சார் வரலாற்று ஆவணக் காப்பகத்தில் உள்ளன. 10 சதவீத மாதிரி லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில். 1865, 1875 என 5இல் முடியும் ஆண்டுகளின் மீதி, கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில். ஆண்டைப் பார்க்காமல் எழுதிக் கேட்டால் தவறான இடத்தில் காத்திருக்க நேரும்.

தாளில் வயது, பிறந்த ஊர், வேலை, சம்பளம் எல்லாம் இருக்கும். சக மாலுமிகளைத் தொடர மிகவும் உதவுவது ‘முந்தைய கப்பல்’ என்ற கட்டம்தான். அந்தக் கப்பலின் தாளை எடுத்தால் அதற்கு முந்தையது தெரியும். ஒருவரின் கடல் வாழ்க்கையே பின்னோக்கி விரியும். லஸ்கர்கள் எனப்பட்ட இந்திய மாலுமிகளுக்குத் தனி ஒப்பந்தம். பிரதான பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அவர் கப்பலில் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் விபத்தின்போது கப்பலில் இருந்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். கையெழுத்திட்டும் ஏறாதவர்கள், நடுவழித் துறைமுகத்தில் இறங்கியவர்கள் உண்டு, விலகிய தேதியும் காரணமும் எழுதிய கட்டத்தைப் பாருங்கள்.