மாரி காலத்துத் தடிமன்: போத்தலை வைத்துவிட்டு மூச்சை எண்ணுங்கள்

கேள்வி: டொக்டர், நாங்கள் திருகோணமலை அன்புவழிபுரத்தில் இருக்கிறோம். மூத்தவனுக்கு நான்கு வயது, இந்த வருடம்தான் முன்பள்ளிக்குப் போகத் தொடங்கினான். சின்னவளுக்குப் பத்து மாதம், எட்டுக் கிலோ. கார்த்திகை மழை பிடித்ததிலிருந்து வீட்டில் தடிமனும் இருமலும் ஓயவில்லை. இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் பார்மசியில் சொல்லி அன்டிபயோட்டிக் பாணியும் இருமல் பாணியும் வாங்கிக் கொடுத்தேன். இப்போது காய்ச்சல் இல்லை, ஆனால் சின்னவளுக்கு மூக்கடைப்பு, இரவில் நித்திரை இல்லை, சளி மஞ்சளாக வருகிறது. பிள்ளைகளுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை என்று மாமி சொல்கிறா. மருந்தை ஆவியாக்கி மூச்சில் இழுக்க வைக்கும் நெபுலைசர் மெஷினைத் தவணைக்குத் தருவதாக ஒருவர் வீட்டுக்கு வந்து கேட்கிறார். இன்னொரு போத்தல் அன்டிபயோட்டிக் கொடுக்கவா? மெஷின் வாங்கவா?

பதில்: இரண்டும் வேண்டாம் தங்கச்சி. எதிர்ப்புச் சக்தி பற்றிய பயமும் வேண்டாம்.

முன்பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிள்ளைக்கு வருடத்தில் எட்டுத் தடவை, சில பிள்ளைகளுக்குப் பத்துத் தடவைகூடத் தடிமன் வரும். தடிமனை உண்டாக்கும் வைரஸ்கள் இருநூறுக்கு மேல் இருக்கின்றன. ஒன்று வந்து போனால் அடுத்தது வராது என்று இல்லை. மூத்தவன் அங்கே பத்துப் பதினைந்து பிள்ளைகளோடு விளையாட்டுச் சாமானையும் தண்ணிப் போத்தலையும் பகிர்ந்துவிட்டு, வீட்டுக்கு வந்து முதல் வேலையாகத் தங்கச்சியைத்தான் கொஞ்சுவான். இருமல் ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று கிழமை இழுக்கும். ஒன்று முடிவதற்குள் அடுத்தது தொடங்கினால், ஒரே வருத்தம் மாதக்கணக்காக இருக்கிறது என்றுதான் தாய்க்குத் தோன்றும். பிள்ளை நிறை கூடுகிறதா, இடையில் நன்றாக விளையாடுகிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் அந்தப் பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. எதிர்ப்புச் சக்திக்கு என்று டின்னில் விற்கும் மாவை வாங்கும் காசுக்கு முட்டையும் மீனும் வாங்குங்கள்.

குளிர்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். நமது ஊரில் மார்கழி இரவில்கூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். 2022 டிசம்பரில் வடக்கு கிழக்கில் மாடுகள் விறைத்துச் செத்த மாதிரியான குளிர் எல்லா வருடமும் வருவதில்லை. மழைக்கும் வாடைக்கும் பயந்து கதவு ஜன்னலைப் பூட்டி, ஆறு பேர் ஒரே அறையில் படுக்கிறோமே, அதுதான் வைரசுக்கு வசதி. பகலில் மழை விட்ட நேரமாவது ஜன்னலைத் திறவுங்கள். மூத்தவன் வந்தவுடன் கை கால் முகம் கழுவாமல் தங்கச்சியைத் தூக்கவிட வேண்டாம்.

இனி அந்தப் போத்தல். அன்டிபயோட்டிக் பக்டீரியாவுக்கு உரிய மருந்து. வைரஸ் தடிமனை அது ஒரு நாள்கூடக் குறைக்காது. சளி மஞ்சளானால், பச்சையானால் கிருமி முற்றிவிட்டது என்று கவுண்டரில் சொல்லுவார்கள். அது பிழை. சாதாரணத் தடிமனிலும் மூன்றாம் நான்காம் நாள் சளி தடித்து நிறம் மாறும், பிறகு தானாகத் தெளியும். முதல் இரண்டு தடவையும் மருந்து கொடுத்ததும் சுகமானது என்று நீங்கள் நினைப்பீர்கள். பிள்ளை சுகமாக வேண்டிய நாளில் சுகமானது. மருந்து தந்தது வயிற்றோட்டமும் தோல் தடிப்பும்தான், அதுவும் வராமல் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். பிற்காலத்தில் உண்மையான நிமோனியா வரும்போது அதே மருந்து வேலை செய்யாமல் போகும் ஆபத்தும் இருக்கிறது.

வைத்தியரின் துண்டு இல்லாமல் அன்டிபயோட்டிக் விற்கக் கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம். மாரி காலத்தில் பார்மசிக் கவுண்டரில் போய் நின்று பாருங்கள், அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. "பிள்ளைக்கு எத்தனை வயது" என்று ஒரு கேள்வி, அடுத்த நிமிடம் போத்தலில் தண்ணி ஊற்றிக் குலுக்குகிறார்கள். ஆனால் தாய்மாரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. விடியற்காலையில் கைக்குழந்தையோடு ஓட்டோ பிடித்து வந்து வெளிநோயாளர் பிரிவில் நம்பர் எடுத்து, மத்தியானம் வரை இருமுகிற கூட்டத்துக்குள் காத்திருந்து, வைத்தியர் முகத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இந்த மருந்து இங்கே இல்லை, வெளியில் வாங்குங்கள்" என்ற துண்டோடு திரும்புகிறவளுக்குப் பார்மசிதான் ஆஸ்பத்திரி. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அன்றைய சம்பளமும் போய்விடும். ஒவ்வொரு வருடமும் இதே மாதத்தில் இதே கூட்டம் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், மாரி காலத்துக்கென்று சிறுபிள்ளைகளுக்குத் தனி வரிசை வைக்க இவ்வளவு காலமும் முடியவில்லை என்றால் என்ன சொல்வது.

போன தடவை மிஞ்சிய போத்தல் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறதா? ஊற்றிவிடுங்கள். தண்ணி கலந்த அன்டிபயோட்டிக் பாணி பெரும்பாலும் ஏழு நாளுக்குத்தான். வைத்தியர் பிள்ளையின் நெஞ்சைச் சோதித்து, காதைப் பார்த்து எழுதித் தந்த அன்டிபயோட்டிக் வேறு கதை. அதைச் சொன்ன நாள் முழுவதும் கொடுத்து முடிக்க வேண்டும்.

இருமல் பாணியும் நான்கு வயதுக்குக் கீழே வேண்டாம். இருமலைக் குறைப்பதைவிடப் பிள்ளையை மயங்க வைப்பதுதான் அதன் வேலை. இந்தியாவுக்குப் போய் வரும் சொந்தக்காரர் பையில் கொண்டுவரும் பாணிகளில் எனக்கு இன்னும் பயம். 2022-இல் ஆப்பிரிக்காவின் காம்பியாவில் நச்சு இரசாயனம் கலந்த பாணி மருந்தால் பல பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். 2025-இல் மத்தியப் பிரதேசத்திலும் அதே மாதிரி நடந்தது, அந்த மருந்து தயாரானது தமிழ்நாட்டில். அன்போடு கொண்டுவந்தவர் மனம் நோகும் என்று பார்க்காதீர்கள். வாங்கி வையுங்கள், பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

நெபுலைசர். ஒரு வயதுக்குக் கீழே சளி நெஞ்சுக்கு இறங்கிச் சத்தம் கேட்பது பெரும்பாலும் வைரசால் சிறு மூச்சுக்குழாய்கள் வீங்குவதால். அதற்கு மெஷினில் வைத்துப் பிடிக்கும் மருந்து பெரிதாக உதவுவதில்லை. முட்டு வருத்தம் (ஆஸ்துமா) என்று வைத்தியர் உறுதியாகச் சொன்ன பிள்ளைக்குக்கூட ஸ்பேசர் குழாயோடு இன்ஹேலர் அதே அளவு வேலை செய்யும், விலையும் குறைவு. தவணைக்கு மெஷின் விற்க வருகிறவர் அதைச் சொல்ல மாட்டார். மெஷினோடு எந்த மருந்தை எவ்வளவு ஊற்றுவது என்றும் அவரே எழுதித் தருகிறார் என்றால், கதவைச் சாத்துங்கள். மூக்கடைத்த பிள்ளைக்கு மெஷின் பிடித்து இரண்டு நாளைக் கழித்துவிட்டு, மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகு ஓடிவருகிறார்கள். எனக்குக் கோபம் அந்த இரண்டு நாளில்தான்.

சரி, இன்று இரவு என்ன செய்வது? நோர்மல் சேலைன் மூக்குத் துளி வாங்குங்கள். பால் கொடுக்கப் பத்து நிமிடம் முன்னர் பிள்ளையை மடியில் மல்லாக்காகச் சரித்து, ஒவ்வொரு மூக்குத் துவாரத்திலும் இரண்டு துளி விட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, சளி முன்னுக்கு வந்ததும் மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். மூக்கு திறந்தால் பால் குடிப்பாள், பால் குடித்தால் தூங்குவாள். ஒரே தடவையில் நிறையக் குடிக்காவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். மூத்தவனுக்குக் கொத்தமல்லி அவித்த தண்ணி கொடுக்கலாம், படுக்கும்போது ஒரு தேக்கரண்டி தேனும் கொடுக்கலாம். சின்னவளுக்குத் தேன் கூடாது, ஒரு வயது முடியும்வரை நாக்கில் தடவவும் கூடாது. கொதிதண்ணிச் சட்டியில் ஆவி பிடிக்க வேண்டாம், வெந்துபோன பிள்ளைகளை வார்டில் பார்த்திருக்கிறேன். சின்னவளுக்கு விக்ஸ், சித்தாலேப, கற்பூர எண்ணெய் எதுவும் பூச வேண்டாம். குளிக்க வார்த்தபின் சாம்பிராணிப் புகை பிடிப்பதையும் இந்த மாதங்களில் நிறுத்தச் சொல்லி மாமியிடம் பக்குவமாகக் கேளுங்கள். அடைத்த மூச்சுக்குழாய்க்குப் புகை என்றால் எந்தப் புகையும் கெடுதிதான், நுளம்புச் சுருள் புகை உட்பட. நுளம்புக்கு வலை கட்டுங்கள்.

இனி முக்கியமானது. பிள்ளை தூங்கும்போது சட்டையை நெஞ்சுக்கு மேலே உயர்த்துங்கள். போனில் ஒரு நிமிட அலாரம் வையுங்கள். வயிறு ஒரு தடவை உயர்ந்து தாழ்ந்தால் ஒரு மூச்சு. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காதீர்கள், கைக்குழந்தையின் மூச்சு ஒரே சீராக இருக்காது, முழு நிமிடமும் எண்ணுங்கள். சின்னவளின் வயதில் 50 அல்லது அதற்கு மேல் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மூத்தவனுக்கு அந்த எல்லை 40. எண்ணிக்கை குறைவாக இருந்தும் மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே பள்ளம் விழுந்தால், முனகினால், உதடு நீலித்தால், வழமையில் பாதிப் பால்கூடக் குடிக்காவிட்டால், எழுப்பினாலும் சோர்ந்து கிடந்தால், விடியும் வரை பார்த்திருக்க வேண்டாம். 1990-க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். தனியார் வைத்தியரைச் சனல் பண்ணி நம்பர் எடுத்து மாலை வரை காத்திருக்கிற விஷயம் இல்லை இது. பொது வைத்தியசாலைக்கு நேரே போங்கள்.

இவ்வளவும் சொன்னபின் ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நமது மாவட்டத்தில் தடிமன் மாதமும் டெங்கு மாதமும் ஒன்றுதான். மழை விட்டு வெயில் எறிக்கும் இடைவெளியில் நுளம்பு பெருகும். 2017-இல் நமது மாவட்டத்துக் கிண்ணியா டெங்குவால் பட்ட பாட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், அந்த வருடம் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு பதிவானது. உங்கள் பிள்ளைகளுக்கு இப்போது காய்ச்சல் இல்லை. நாளைக்கு வந்தால் "அதே தடிமன்தானே" என்று இருந்துவிடாதீர்கள். மூக்கு ஒழுகுவது டெங்கு இல்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது, தடிமன் உள்ள பிள்ளையையும் நுளம்பு கடிக்கும். சின்னவளுக்குக் காய்ச்சல் வந்தால் முதல் நாளே காட்டுங்கள். மூத்தவனுக்கு இரண்டு நாளைத் தாண்டினால் காட்டி, வைத்தியர் சொல்லும் நாளில் இரத்தம் சோதியுங்கள். தனியார் ஆய்வுகூடத்தில் டெங்கு அன்டிஜன் பரிசோதனை மட்டும் செய்து "நெகட்டிவ்" என்ற கடதாசியோடு நிம்மதியாக வீட்டுக்குப் போவதுதான் பொறி. நாள் பிந்தினால் அந்தப் பரிசோதனை டெங்கு இருந்தும் இல்லை என்று காட்டும். இரத்த அணுக்களின் எண்ணிக்கையைத்தான் வைத்தியர் பார்க்க வேண்டும், சில வேளை தினமும்.

காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும். இபுபுரோஃபன், மெஃபனமிக் அசிட், பின்பக்கத்தால் வைக்கும் டைக்ளோபெனக் மருந்து ஆகியவற்றைக் "காய்ச்சல் டக்கென்று இறங்கும்" என்று யார் தந்தாலும் வாங்க வேண்டாம், டெங்குவில் அவை இரத்தக் கசிவைக் கூட்டும். பரசிட்டமோலிலும் போத்தலைப் பார்த்து ஊற்றுங்கள். எட்டுக் கிலோ பிள்ளைக்கு ஒரு தடவைக்கு 120 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணி என்றால் சரியாக 5 மில்லிலீற்றர். ஆனால் கைக்குழந்தைத் துளி மருந்தில் 1 மில்லிலீற்றரிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். அதைக் கரண்டியால் 5 மில்லிலீற்றர் ஊற்றினால் நான்கு மடங்குக்கு மேல்.

அப்புறம், டெங்குவில் காய்ச்சல் விட்டால் சுகம் என்று நினைக்கக் கூடாது. காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான், அதாவது மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும். காய்ச்சல் விட்டும் பிள்ளை துவண்டு கிடந்தால், வயிறு நோகிறது என்றால், சத்தி நிற்காவிட்டால், ஆறு மணித்தியாலம் சிறுநீர் போகாவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. ஜீவனி உப்புக் கரைசல், கஞ்சி, இளநீர் கொடுக்கலாம். பீட்ரூட் சாறு, மைலோ மாதிரிச் சிவப்பு, மண்ணிற நீராகாரம் வேண்டாம், சத்தி எடுத்தால் இரத்தமா சாப்பாடா என்று எங்களுக்குத் தெரியாமல் போகும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. சின்னவளுக்கு ஒன்பதாம் மாதத்து எம்எம்ஆர் ஊசி, அதாவது சின்னமுத்துத் தடுப்பூசி, போட்டாயிற்றா? தடிமன் என்று பல தாய்மார் கிளினிக்கைத் தள்ளிப்போடுகிறார்கள், சில இடங்களில் "சுகமானதும் வாங்க" என்று திருப்பியும் அனுப்பிவிடுகிறார்கள். 2023-இல் இந்த நாட்டில் சின்னமுத்து மறுபடி தலைகாட்டியது, ஊசி தவறிய பிள்ளைகளுக்குத்தான் அதில் ஆபத்து அதிகம். காய்ச்சல் இல்லாத மூக்கொழுகல் ஊசியைத் தள்ளிப்போடக் காரணம் இல்லை. போடவில்லை என்றால் பிள்ளையின் பதிவுப் புத்தகத்தோடு அடுத்த கிளினிக் நாளில் போங்கள், திருப்பி அனுப்பினால் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரியைக் கேளுங்கள்.