கோ-பைலட் வேலையும் டெரிடோரியல் ஆர்மியும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

நான் பெங்களூரிலிருந்து பறக்கும் கோ-பைலட், டெரிடோரியல் ஆர்மியில் கேப்டன். சொந்த வேலையைப் பார்த்துக்கொண்டே பகுதி நேரமாக ராணுவத்தில் பணியாற்றும் படை அது. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பிள்ளைகள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பாலக்கோடு: அண்ணா, இதில் சேர்ந்தால் விமான வேலையை விடணுமா?

விடவே கூடாது தம்பி. கையில் ஒரு வேலையோ தொழிலோ இருப்பதுதான் இங்கே தகுதியே. வயது 18 முதல் 42, ஒரு டிகிரி, சொந்த வருமானம், இவை இருந்தால் அதிகாரி தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். எழுத்துத் தேர்வு, நேர்காணல், எஸ்.எஸ்.பி. எனும் ராணுவத் தேர்வு வாரியச் சோதனை, மருத்துவப் பரிசோதனை என்று வரிசையாகப் போகும். 1949 அக்டோபர் 9 அன்று இந்தப் படையைத் தொடங்கி வைத்தவரே நம்ம ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜிதான், அப்போது அவர் கவர்னர் ஜெனரல்.

ஓசூர்: வருஷத்தில் எத்தனை நாள் போகும்?

வருஷா வருஷம் இரண்டு மாத முகாம். அது போக முதல் வருஷம் ஒரு மாத அடிப்படைப் பயிற்சி, முதல் இரண்டு வருஷத்துக்குள் டேராடூன் ராணுவ அகாடமியில் (ஐ.எம்.ஏ.) மூன்று மாதம். ஆக, ஆரம்பத்தில்தான் மூச்சு முட்டும். அந்த நேரத்தில் விமானக் கேப்டன் பதவி உயர்வுக்கான பயிற்சியையோ, புது ரக விமானத்தை ஓட்டுவதற்கான தகுதியான டைப் ரேட்டிங்கையோ கையில் எடுக்காதீர்கள், இரண்டும் அரைகுறையாகிவிடும்.

ஊத்தங்கரை: கம்பெனி லீவு தராவிட்டால்?

1948 டெரிடோரியல் ஆர்மி சட்டத்தின் 7-வது பிரிவு, படைப்பணிக்கு அழைக்கப்பட்டவரைத் திரும்ப வேலையில் சேர்த்துக்கொள்வது முதலாளியின் கடமை என்கிறது. பி.எஃப். உரிமைகளுக்கு 7ஏ இருக்கிறது. ஆனால் எடுத்த எடுப்பில் சட்டத்தை நீட்டாதீர்கள். முகாம் கடிதம் கைக்கு வந்த அன்றே யார் எந்த ஃப்ளைட் என்று பட்டியல் போடும் ரோஸ்டர் பிரிவுக்கும் சீஃப் பைலட்டுக்கும் தேதியோடு மெயில் போடுங்கள். ரோஸ்டர் வந்தபிறகு போய் நின்றால் உங்கள் ஃப்ளைட்டை விடுமுறையில் இருக்கும் இன்னொருவர் தலையில்தான் கட்டுவார்கள், அவரிடம் சட்டம் பேச முடியாது.

காவேரிப்பட்டணம்: முகாம் முடிந்த மறுநாளே பறக்கலாமா சார்?

லைசென்ஸ் கணக்கைப் பார்த்துவிட்டுத்தான். கடைசி 90 நாளுக்குள் மூன்று டேக்-ஆஃப், மூன்று லேண்டிங் இருக்க வேண்டும். முகாமுக்கு முன்னால் கொஞ்சம் லீவு, பின்னால் ஒரு காய்ச்சல் என்று சேர்ந்தாலே அந்த 90 நாள் தாண்டிவிடும், அப்புறம் சிமுலேட்டரில் உட்கார்ந்து வந்தால்தான் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் திறன் சோதனையும் முகாமுக்குள் விழாதபடி முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.

இதைவிட முக்கியம் காது. ஃபயரிங் ரேஞ்சில் பக்கத்தில் படுத்திருப்பவர் சுட்டாலே காது கொய்யென்று ஆகிவிடும். பைலட் மெடிக்கலில் கேட்கும் திறனையும் சோதிப்பார்கள், கெட்டுப்போனால் பெரும்பாலும் திரும்பாது. காதுக்குள் பிளக், அதன் மேல் மஃப், இரண்டும் போடாமல் ரேஞ்சுக்குள் நுழையாதீர்கள். யாராவது கிண்டல் பண்ணினால் பண்ணட்டும். லைசென்ஸ் இழப்புக் காப்பீடு எடுத்திருந்தால், படைப்பணியில் வரும் காயத்துக்கும் பணம் கிடைக்குமா என்று பாலிசியைப் படித்துப் பாருங்கள்.

அரூர்: அண்ணா, பெண்கள் சேரலாமா?

சேரலாம்மா. 2018-ல் டில்லி உயர் நீதிமன்றம் வழி திறந்துவிட்டது. இடங்கள் ரொம்பக் குறைவு, அதற்காக விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதே.

பென்னாகரம்: சண்டை வந்தால் கூப்பிடுவார்களா? வீட்டில் பயப்படுகிறார்கள்.

கூப்பிடுவார்கள், அதற்குத்தானே இந்தப் படை. 2025 மே மாதம், தேவைப்பட்டால் டெரிடோரியல் ஆர்மியினரை அழைக்க ராணுவத் தளபதிக்கு மத்திய அரசு அதிகாரம் கொடுத்தது. இருக்கும் 32 காலாட்படை பட்டாலியன்களில் 14-ஐ இறக்கவும் ஒப்புதல் தந்தது. அப்படி அழைத்தால் இரண்டு மாதத்தில் திரும்பிவிடலாம் என்ற கணக்கு இல்லை. பணியில் இருக்கும்வரை பதவிக்கான ராணுவச் சம்பளம் வரும், ஆனால் பறக்கும் மணிக்கணக்கில் வரும் படி நின்றுபோகும். வீட்டுக்கடன் தவணையை அந்தப் படியை நம்பிப் போட்டிருந்தால் குடும்பம் திணறும். கையெழுத்துப் போடும் முன்பே அம்மா அப்பாவையும் மனைவியையும் உட்கார வைத்து இதைப் பேசுங்கள்.

கிருஷ்ணகிரி: பென்ஷன் உண்டா?

அதிகாரிக்கு 20 வருஷம் படைப்பணியில் இருந்த காலம் சேர வேண்டும். வேலைக்கும் போய்க்கொண்டு, வருஷத்துக்கு இரண்டு மாதம் முகாம் மட்டும் போகிறவருக்கு அது எங்கே சேரும்? பென்ஷனுக்காக என்றால் வேண்டாம், யூனிஃபார்ம் மேல் ஆசை இருந்தால் வாருங்கள்.